இருபத்தெட்டு வாப்பாமாரும் மூன்றாவது உம்மாவும்

கல்முனைக்குடி
2025 ஜனவரி 6

சொல்லும் பொருளும் சுடரும் இருளுமாய்
எல்லாம் படைத்தான் இறை.

அவனைப் புகழ்ந்தும், அவன் தூதர் மீது ஸலவாத்துச் சொல்லியும் இம்மடலைத் தொடங்குகிறேன்.

அன்புக்குரிய மச்சான் ஹிஷாம் அவர்களுக்கு, உங்கள் தங்கை றாஹிலாவின் கணவன் கலந்தர் லெவ்வை எழுதுவது.

சென்ற ஹஜ்ஜுப் பெருநாளன்று, மூன்று சஹன் தட்டுகளைச் சுற்றிப் பதினெட்டுப் பேர் சாப்பிட அமர்ந்திருந்த வேளையில், என் நூலின் கையெழுத்துப் பிரதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கெல்லாம் ஆதாரம் எங்க மச்சான்?" என்று கேட்டீர்கள். அன்று முதல் ஏழு மாதங்களாக நான் உங்களோடு கதைக்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். கவனிக்கவில்லையெனில் இப்போது அறிவிக்கிறேன்.

ஆயினும் ஒரு தேவை வந்துவிட்டது. ஒலுவில் பல்கலைக்கழக வளாகத்தில், ஆங்கிலத்தில் எழுதும் அரபு எழுத்தாளர்கள் பற்றி ஒரு கருத்தரங்கு நடக்கவிருப்பதாகவும், அதற்குப் பிரித்தானியாவிலிருந்து லுப்னா பாவஸீர் என்னும் நாவலாசிரியை வருவதாகவும், ஓய்வுபெற்ற ஆங்கில விரிவுரையாளராகிய நீங்களே அவரது பயணத்தைப் பொறுப்பேற்றிருப்பதாகவும் அறிந்தேன். பாவஸீர்! என் நூலின் தலைவர் யார்? யெமனின் ஹழ்ரமௌத்திலிருந்து மரக்கலமேறி இக்கரை சேர்ந்த ஸாலிஹ் பாவஸீர். அவரிலிருந்து என் வாப்பா வரை இருபத்தெட்டுத் தந்தையரின் பெயர்களை நானூற்றுப் பன்னிரண்டு பக்கங்களில் நிறுவியிருக்கிறேன். அப்படியானால் அந்த அம்மையார் என் இரத்த உறவு.

பெப்ரவரி முதலாம் திகதி அஸர் தொழுகைக்குப் பின் அவரை எங்கள் வீட்டு முற்றத்துக்கு அழைத்து வாருங்கள். அவர் கையால் நூல் வெளியிடப்படும். அரபு மொழியில் நாற்பது அடிகளில் ஒரு வரவேற்புக் கஸீதா யாத்து வைத்திருக்கிறேன்.

நீங்கள் கேட்ட ஆதாரம் விமானத்தில் வந்துகொண்டிருக்கிறது, மச்சான்.

கலந்தர் லெவ்வை

*

ஒலுவில்
2025 ஜனவரி 9

மரியாதைக்குரிய மச்சான்,

ஸலாம். இறைபுகழை நீங்கள் நிறைவாகவே எழுதிவிட்டீர்கள். அதன் கீழ் ஓர் ஆமீன் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

ஏழு மாதம் கதைக்காததைக் கவனித்தேன். மாலைப்பொழுதுகள் நிறைய மிச்சமாயின. அவற்றில் லுப்னாவின் ஐந்து நாவல்களையும் வாசித்து முடித்தேன். ஆகவே சில செய்திகளை முன்கூட்டியே சொல்லிவைப்பது என் கடமை.

அவர் பிறந்தது கார்டிஃப் துறைமுகத்தில். பாட்டனார் யெமனிலிருந்து போன கப்பற்றொழிலாளி. லுப்னாவுக்கு அரபு, தொழுகைக்கு வேண்டிய அளவே தெரியும். எழுதுவது, சிந்திப்பது, கடையில் மீதிப்பணம் கேட்பது எல்லாம் ஆங்கிலத்தில். எங்கள் கருத்தரங்கின் பொருளே இதுதான். இங்கிலாந்தில் அவரிடம் "உங்கள் ஊர் எது?" என்கிறார்கள். "கார்டிஃப்" என்றால் ஏற்பதில்லை, "இல்லை, உண்மையான ஊர்?" என்கிறார்கள். அரபு நாட்டு விமான நிலையத்திலோ பெயரைப் பார்த்துவிட்டு அரபியில் பேசுகிறார்கள்; இவர் விழிக்கும்போது கடவுச்சீட்டைத் திருப்பிப் பார்க்கிறார்கள். அவருடைய ஐந்து நாவல்களில் ஒன்றிலும் ஒட்டகம் இல்லை. மூன்றின் அட்டையில் ஒட்டகம் இருக்கிறது.

இனி உங்கள் நூல். அதன் ஏழாம் பக்கத்தைப் பெருநாளன்று நீங்களே உரத்து வாசித்தீர்கள்: "தாய்வழிக் குடி என்பது ஆதாரமற்ற ஊர்ப்பேச்சு, மனிதனின் வேர் தந்தை ஒருவரே." மச்சான், குடிக்கு ஒருவர் என்ற கணக்கில் மரைக்காயர்மார் அமரும் நம் பள்ளிவாசல் நிர்வாகத்தில், இருபத்திரண்டு வருடங்களாக முத்துநாச்சி குடியின் கதிரையில் இருப்பவர் நீங்கள். அந்தக் குடி உங்களுக்கு யாரிடமிருந்து வந்தது? உங்கள் உம்மாவிடமிருந்து. அந்தப் பக்கத்தை எங்கிருந்து எழுதினீர்கள்? என் உம்மா என் தங்கைக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டின் முன்னறையிலிருந்து. நான் இதை எழுதுவதும் என் மனைவியின் வீட்டில்தான். பெண்கள் வீட்டில் குடியிருந்துகொண்டு ஆண்வழி பேசும்போது நாம் சற்று மெதுவாகப் பேசுவது நல்லது.

அச்சுக்குக் கொடுக்குமுன் அந்தப் பக்கத்தை எடுத்துவிடுங்கள்.

ஹிஷாம்

*

கல்முனைக்குடி
2025 ஜனவரி 13

எழுதுகோலால் மனிதனுக்குக் கற்பித்தவனின் திருநாமத்தால்.

மச்சான், உங்கள் மடல் கிடைத்தது. அரபுக் குலத்தில் உதித்த ஒரு பெண்மணிக்கு அரபு தெரியாது என்று எழுத உங்கள் பேனா எப்படித் துணிந்தது? அவர் அடக்கத்தினால் அப்படிச் சொல்லியிருப்பார். கற்றோர் தம் கல்வியை மறைப்பது மரபு. என் கஸீதாவின் முதலடி காதில் விழுந்ததும் அவருடைய மூதாதையரின் மொழி தானாக விழித்தெழும். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் பன்னிரண்டு அடிகள் சேர்த்து ஐம்பத்திரண்டாக்கிவிட்டேன்.

ஏழாம் பக்கம் பற்றி நீங்கள் சொன்னதை றாஹிலாவுக்கு வாசித்துக் காட்டினேன். "காக்கா சொல்றதிலயும் ஒரு ஞாயம் இரிக்கி. ஒருக்கா யோசிங்களன்" என்றாள். "அண்ணனும் தங்கையும் ஒரே குடியல்லவா, வேறென்ன சொல்வாய்?" என்றேன். "அப்ப குடி எண்டு ஒண்டு இரிக்கித்தானே?" என்று கேட்டுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். அந்தக் கேள்விக்கு விடை எழுத நேரமில்லாதபடி அச்சகத்திலிருந்து அழைப்பு வந்தது.

ஐந்நூறு பிரதிகள். அச்சாகிவிட்டன. ஏழாம் பக்கமும் உட்பட.

கலந்தர் லெவ்வை

*

ஒலுவில்
2025 ஜனவரி 20

மச்சான்,

ஸலாம். இரண்டே விஷயம்.

வருகிற 28ஆம் திகதி எனக்குக் கண்ணில் படலம் எடுக்கிறார்கள். இரண்டு வாரத்துக்குத் தூசியில் வெளிக்கிடக் கூடாதாம். எனவே முதலாம் திகதி நான் வர முடியாது. என் பழைய மாணவர் முர்ஷித் லுப்னாவை அழைத்து வந்து மொழிபெயர்ப்பார். நல்ல மொழிபெயர்ப்பாளர்; நீங்கள் சொல்லாததைச் சொல்லமாட்டார், சொன்னதை மறைக்கவும் மாட்டார். கவனமாயிருங்கள்.

மற்றது, லுப்னாவின் முதல் நாவலின் முதல் அத்தியாயத்தைத் தமிழாக்கி இத்துடன் வைத்திருக்கிறேன். தன் குடும்பத்தில் உண்மையாய் நடந்ததையே அதில் எழுதியதாக அவர் எனக்குச் சொன்னார். அவரைக் காணுமுன் வாசியுங்கள். நாற்காலியில் அமர்ந்து வாசியுங்கள்.

ஹிஷாம்

*

கல்முனைக்குடி
2025 ஜனவரி 24

மறைவானவற்றை அறிந்தவன் அவன் ஒருவனே.

மச்சான், வாசித்தேன். மூன்று தடவை.

ஏடன் துறைமுகத்தில், காய்ச்சலில் மௌத்தாகிவிட்ட ஒரு கூட்டாளியின் கடலோடிப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு, அவாழ் என்னும் ஏழை இளைஞன் கப்பலேறுகிறான். அந்தப் பத்திரத்தில் இருந்த பெயர்தான் பாவஸீர். பிறகு நாற்பது வருடம் இறந்தவனின் பெயரில் சம்பளம் வாங்கி, இறந்தவனின் பெயரில் நிக்காஹ் முடித்து, இறந்தவனின் பெயரில் பிள்ளைகளைப் பதிகிறான். முதுமையில் ஒரு நாள் தெருவில் யாரோ "அவாழ்!" என்று கூப்பிட, தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று விளங்காமல் நடந்து போய்விடுகிறானே, அந்த இடத்தில் என்னால் மேலே வாசிக்க முடியவில்லை. ஆங்கிலத்தில் எழுதப்பட்டது என்பதை மறந்துவிட்டேன்.

அழுது முடித்தபின் விளங்கியது: லுப்னா பாவஸீர், பாவஸீர் அல்லர்.

இது ஒரு பக்கம்; ஊரையே அழைத்துவிட்டேன், விழாவை இனி நிறுத்த முடியாது. இன்னொன்று கேளுங்கள். எங்கள் குடியைச் சேர்ந்த றஸாக், மகளின் கலியாணக் கார்ட் அடிக்க அதே அச்சகத்துக்குப் போயிருக்கிறார். அங்கே கிடந்த என் நூலில் ஒன்றை எடுத்து ஏழாம் பக்கத்தை வாசித்திருக்கிறார். மறுநாள் பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு மனுக் கொடுத்துவிட்டார். கடைத்தெருவில் அவர் சொல்லித் திரிவதை அப்படியே தருகிறேன்: "மௌலவியே கையெழுத்து வெச்சி அடிச்சித் தந்திட்டார், தனக்கு உம்மாட குடி இல்லண்டு. அப்ப என்னத்துக்கு எங்கட கதிரையில குந்திக்கிட்டு இரிக்கார்? எழும்பச் சொல்லுங்க!"

பெப்ரவரி 14 வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குப் பின் அதுபற்றிப் பள்ளிவாசலில் கூட்டம்.

நகைக்காதீர்கள், மச்சான். பதவி ஆசை என்று நினைப்பீர்கள். அந்தக் கதிரையை எனக்குத் தந்தவர் என் உம்மாவின் தம்பி. "ஸபியாட மகன் இரிக்கட்டும்" என்று சொல்லித்தான் தந்தார். உம்மா மௌத்தாகிப் பதினைந்து வருடமாகிறது. இன்று என்னை மௌலவி என்கிறார்கள், வாப்பா என்கிறார்கள், படித்த பிள்ளைகள் சேர் என்கிறார்கள். ஸபியாவின் மகன் என்று நான் எண்ணப்படும் இடம் உலகில் அது ஒன்றே. அதிலிருந்து எழும்பச் சொல்லும் தாளை நானே எழுதி, நானே பணம் கொடுத்து, ஐந்நூறு பிரதியாக அடித்து வைத்திருக்கிறேன்.

றஸாக்கிடம் கதைத்துப் பாருங்கள் என்கிறாள் றாஹிலா. ஒருபோதும் இல்லை. அவருடைய வீட்டு வாசற்படியை மிதிப்பதில்லை என்று நேற்று ளுஹர் தொழுகைக்குப் பின் நாலு பேர் முன்னிலையில் சொல்லிவிட்டேன்.

கலந்தர் லெவ்வை

*

கல்முனைக்குடி
2025 பெப்ரவரி 3

நாடியோரை உயர்த்துபவனும், உயர்ந்ததாய் எண்ணியோரைத் தட்டி வைப்பவனும் அவனே. இரண்டாவதை நேரில் கண்டேன்.

மச்சான், உங்கள் கண் நலமடையட்டும். நடந்ததைச் சொல்கிறேன். எப்படியும் முர்ஷித் சொல்லிவிடுவார்.

அந்த அம்மையார் சொன்ன நேரத்துக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். தலையில் முக்காடு, கையில் குறிப்புப் புத்தகம். முற்றம் நிறைய ஆட்கள். றஸாக்கும் வந்து கேற்றடியில் கைகட்டி நின்றார். நான் எழுந்து ஐம்பத்திரண்டு அடிகளையும் இராகத்தோடு ஓதினேன். அவர் கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். மூதாதையரின் மொழி விழித்துவிட்டது என்று எண்ணினேன். முடிந்ததும் ஏதோ சொன்னார். முர்ஷித் மொழிபெயர்த்தார்:

"மிக அழகாக இருந்தது, மௌலவி. பதினொரு சொல் விளங்கியது. அதில் ஒன்பது அல்லாஹ்வின் திருநாமங்கள்."

முற்றமே சிரித்தது. அவரும் சிரித்தார். சற்றுத் தாமதித்து நானும்.

"அப்படியாயின் ஆங்கிலத்தில் ஏன் எழுதுகிறீர்கள்? முன்னோரின் மொழியைக் கற்றிருக்கலாமே?" என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "என் உம்மா என்னை ஏசிய மொழி ஆங்கிலம். ஏச்சு வாங்கிய மொழியில்தான் எனக்குப் பொய்யில்லாமல் எழுத வருகிறது."

மச்சான், என்னையே எண்ணிப் பார்த்தேன். எனக்கு அரபு வந்தது உஸ்தாதின் பிரம்பிலிருந்து. இந்த மடலை எழுதும் தமிழ் வந்தது உம்மாவின் வாயிலிருந்து. ஐம்பது வருடம் அரபு படிப்பித்தவன், கால் இடறினால் "உம்மா!" என்று தமிழில்தான் கத்துகிறேன்.

அப்போது றாஹிலா தேத்தண்ணீரோடு வந்தாள். பக்கத்து வீட்டு ஹுஸ்னியாவும் கூட. கோப்பையைக் கொடுத்த கையோடு றாஹிலா கேட்டாள்: "வாப்பா அரபி, சரி. உம்மா ஆரு புள்ள?"

முர்ஷித் விசாரித்துச் சொன்னார்: "மார்கரெட். கார்டிஃப் ஊராம்."

"அப்ப என்னத்துக்கு இவ்வளவு கதை? இவ மாகிறெட் குடி."

"ஓம், வேறென்ன?" என்றாள் ஹுஸ்னியா. "அந்தக் குடிக்கு மரைக்காயர் ஆராம்?"

முர்ஷித் இதை மொழிபெயர்த்ததும் அந்த அம்மையார் தேத்தண்ணீர் சிந்தச் சிரித்தார். மறுபடி சொல்லச் சொல்லிக் குறிப்புப் புத்தகத்தில் எழுதினார். "ஐம்பது வருடமாக இரண்டு நாட்டார் என்னிடம் கேட்ட கேள்வி இது. இங்கே தேத்தண்ணீர் ஆறுமுன் முடித்துவிட்டீர்கள்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, கள்ளமில்லாமல் கேட்டார்: "மௌலவி, நீங்கள் எந்தக் குடி?"

என் மடியில் நூல். எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். பாவஸீர் என்று சொல்ல வாயெடுத்தேன். வந்தது வேறு: "முத்துநாச்சி குடி."

"இப்ப மட்டுமோ?" என்றார் கேற்றடியிலிருந்து றஸாக்.

அம்மையாருக்கு அது விளங்கவில்லை. நூலில் இருபத்தெட்டுத் தந்தையரின் பெயர் இருப்பதை முர்ஷித் வழியில் சொல்லியிருக்கிறார் போலும். ஆர்வத்தோடு பேனாவைத் திறந்தார். "அருமை! அப்படியே தாய்மாரின் பெயர்களையும் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்."

"என் உம்மா ஸபியா. அவருடைய உம்மா கதீஜா. அவருடைய உம்மா..."

மச்சான், அதற்கு மேல் இல்லை. அம்மையாரின் பேனா தாளின் மீது காத்துக்கொண்டிருந்தது. றஸாக்தான் குரல் கொடுத்தார்: "கேட்டயளா! கடல் கடந்த இருவத்தெட்டு வாப்பாமாருக்கும் பேர் இரிக்கி. இந்த ஊரு மையவாடி மண்ணில புதைஞ்சி கிடக்கிற மூணாவது உம்மாக்குப் பேர் இல்ல!"

நூல் வெளியிடப்படவில்லை. ஐந்நூறு பிரதிகளும் கட்டிலுக்கடியில் கிடக்கின்றன. பதினான்காம் திகதி இதே கேள்வியைப் பள்ளிவாசலில் கேட்பார்கள். நான் என்ன சொல்வேன்?

கலந்தர் லெவ்வை

*

ஒலுவில்
2025 பெப்ரவரி 6

மச்சான்,

ஸலாம். ஒற்றைக் கண்ணால் எழுதுகிறேன். வரி கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மடலை வாசித்துவிட்டு நானும் எண்ணிப் பார்த்தேன். மூன்றாவது உம்மாவோடு எனக்கும் நின்றுவிட்டது. வெட்கத்தோடு றாஹிலாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஐந்து பெயர் சொன்னாள். "உனக்கெப்படித் தெரியும்?" என்றேன். "வீட்டு உறுதிப் பத்திரம் எங்கட கையிலதானே காக்கா இரிக்கி. உம்மாட பேரில இருந்து மகள்ர பேருக்கு. வாசிச்சாத் தெரியும்" என்றாள். நாம் வீட்டின் முன்னறையில் உலக வரலாறு எழுதினோம். வரலாறு அலுமாரியில் இருந்திருக்கிறது.

உங்கள் உம்மாவுக்குப் பெண்பிள்ளை இல்லாதபடியால் உங்கள் பக்கத்து உறுதிகள் வேறு கைக்குப் போயிருக்கும். முத்துநாச்சி குடியில் இதெல்லாம் தெரிந்தவர் ஒருவர்தான்: புடவைக்கடை ஸம்றா ராத்தா. ஓம், றஸாக்கின் மூத்த சகோதரியேதான். உங்கள் சபதம் நினைவிருக்கிறது. ஆனால் சட்டப்படி பாருங்கள். றஸாக் இருப்பது அவருடைய மனைவியின் வீட்டில். ஸம்றா இருப்பது அவருடைய உம்மாவின் வீட்டில். அந்த வாசற்படி றஸாக்குக்குச் சொந்தமானதல்ல. தாராளமாக மிதிக்கலாம்.

இன்னுமொன்று. பெருநாளன்று நான் கேட்ட கேள்வி சரியானது. பதினெட்டுப் பேர் முன்னிலையில் கேட்டது பிழை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஹிஷாம்

*

கல்முனைக்குடி
2025 பெப்ரவரி 15

பிரிந்த உள்ளங்களைப் பிணைப்பவனுக்கே புகழனைத்தும். தாயின் கருவறைக்குத் தன் அருளின் பெயரிலிருந்தே பெயரிட்டவன் அவன்.

பிரியமுள்ள மச்சான் ஹிஷாம் அவர்களுக்கு,

போனேன். ஸம்றா ராத்தா விறாந்தையில் புடவை மடித்துக்கொண்டிருந்தார். "என்ன மௌலவி, அரபிக்குப் போற வழி இஞ்சாலயா?" என்றார். அது எனக்கு வேண்டும்தான். வந்த காரியத்தைச் சொன்னேன். மடிப்பதை நிறுத்தாமலே ஒப்புவித்தார்:

"உங்கட உம்மா ஸபியா. அவட உம்மா கதீஜா. அவட உம்மா மீராவும்மா. அவட உம்மா சீனத்தும்மா. அவட உம்மா பொன்னும்மா. அவட உம்மா முத்துநாச்சி. அதுக்கு மேல அல்லாஹ்தான் அறிவான்."

இருபத்தெட்டுப் பெயர்களை நிறுவ எனக்குப் பன்னிரண்டு வருடம் பிடித்தது. அவருக்கு ஒரு சேலை மடிக்கும் நேரம். அத்தோடு, அறியாததை அறியேன் என்று சொல்லி நிறுத்தவும் தெரிந்திருக்கிறது. நான் எழுதிக்கொண்டிருக்கையில் ராத்தா நிமிர்ந்தார். "மீராவும்மா ஆரெண்டு தெரியுமா? எங்கட உம்மும்மாட உம்மாவும் அவதான். ரெண்டு மகள்மார் அவக்கு. மூத்தவட வழி நீங்க, இளையவட வழி நாங்க. றஸாக்குக்கு நீங்க காக்கா முறை."

உடனே தொலைபேசியை எடுத்தார். "டேய், இஞ்ச வா. இப்ப வா." அறுபத்து மூன்று வயதான றஸாக் பத்தே நிமிடத்தில் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார்.

"இவர் உனக்கு ஆரு?"

"மௌலவி."

"காக்காண்டு சொல்லு."

"ராத்தா, மனுக் குடுத்துக் கிடக்கு..."

"மனுவுக்குள்ள உம்மும்மாட உம்மாவையும் போட்டுக் குடுத்தயா? சொல்லுடா."

அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். எனக்குக் கேட்கவில்லை, ஆனால் உதடு அசைந்தது. நானும் ஏதோ சொன்னேன், அதுவும் சரியாக வரவில்லை. ராத்தா இருவருக்கும் தேத்தண்ணீர் வைக்கப் போய்விட்டார்.

அன்றிரவே எனக்குத் தெளிந்தது. தந்தைவழி வம்சம் மார்க்கத்தின் சொல். தாய்வழிக் குடி இவ்வூரின் ஒழுங்கு. இரண்டும் ஒன்றோடொன்று மோதியதே இல்லை. நான்தான் பிடித்து மோதவிட்டேன்.

நேற்று ஜும்ஆவுக்குப் பின் கூட்டம். நானே முதலில் எழுந்தேன். ஏழாம் பக்கத்தில் எழுதியது தவறு என்றேன். பாவஸீர் பற்றிய அத்தியாயத்துக்கு உறுதியான ஆதாரம் என்னிடம் இல்லை என்றும் சொன்னேன்; அதைச் சொல்லும்போது உங்கள் முகம் நினைவுக்கு வந்தது, அவ்வளவு கசக்கவில்லை. ஆறு உம்மாமாரின் பெயர்களையும் வாசித்தேன். பிறகு, என் குடியார் எழும்பச் சொன்னால் எழும்புகிறேன் என்று சொல்லிக் கதிரையை விட்டு எழுந்து நின்றேன்.

நம்பிக்கையாளர் சபைத் தலைவர் அப்துல் கபூர் ஹாஜியார், முறைப்படி பதிவேட்டைத் திறந்து, எல்லோரும் அறிந்ததையே கேட்டார்: "மௌலவி கலந்தர் லெவ்வை. எந்தக் குடி?"

நான் வாய் திறக்குமுன் பின்வரிசையிலிருந்து றஸாக்கின் குரல் வந்தது.

"எங்கட குடி. எழுதுங்க. ஸபியாட மகன்."

மச்சான், வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு நீங்கள் கட்டாயம் வர வேண்டும். கண்ணில் தூசி படாதபடி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாருங்கள். எனக்கும் ஒன்று எடுத்து வாருங்கள். நேற்று முதல் என் கண்ணும் சரியாக இல்லை.

இம்மடலை உங்கள் கையில் பிரிப்பவருக்கும், உங்களுக்கு வாசித்துக் காட்டுபவருக்கும், அவ்வீட்டின் கூரைக்குக் கீழே உறங்கி விழிக்கும் ஒவ்வொருவருக்கும் இறைவன் நலமும் நெஞ்சமைதியும் நிறைப்பானாக.

வாசிப்போர் நெஞ்சும் மனையும் மழலையும்
மாசின்றி வாழ்க மகிழ்ந்து.

ஸபியாவின் மகன்
கலந்தர் லெவ்வை